தம்பி, 88ஆம் வரியில் தப்பில்லை

தம்பிக்கு,

நீ கம்பெனியை விட்டுப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம். நம் ஜாவா கோடில் கம்பைலரின் எச்சரிக்கையை அடக்க நான் போட்டிருந்த அந்த சப்ரஸ்வார்னிங்ஸை நேற்றுதான் எடுத்தேன். எது என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கும் இடம் இது, கம்பெனி பேர், கிளையன்ட் பேர் எல்லாம் வேண்டாம்.

அந்த ராத்திரி மீட்டிங் ரூம் என்னை விடுவதாக இல்லை. புரொஜெக்டரில் ஸ்டாக் டிரேஸ், புரோகிராம் எந்த வரியில் விழுந்தது என்று காட்டும் பட்டியல். சின்ன எண் வகையான இன்டிஜரைப் பெரிய எண் வகையான லாங் ஆக்க முடியாது என்று கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் பிழை. அதன் கீழே உன் ஃபைல், 88ஆம் வரி. "இது யாரோடது?" என்றார்கள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினாய். இன்னொரு கையில் ஏடு படிந்த டீ. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியில் நீ காஸ்டே, அதாவது 'இதை இந்த வகையாக எடுத்துக்கொள்' என்ற கட்டளையே, எழுதவில்லை. வெறும் ஃபார் லூப். உள்ளே இந்த வகைதான் இருக்கும் என்று நாம் எழுதும் ஜெனரிக்ஸ் வகையெல்லாம் கம்பைலோடு அழிந்துவிடும். மதிப்பை எடுக்கிற இடத்தில் கம்பைலரே ஒரு காஸ்ட்டைச் செருகும். அது உன் லூப்பில் விழுந்தது. பொய் சொன்னது நாலு ஃபைல் தள்ளி, வரும் டேட்டாவைப் பிரித்துப் படிக்கும் என் பார்சர். டேட்டாவைப் படித்துத் தரும் ஜாக்சன் லைப்ரரி கொடுத்த மேப்பை, அந்தப் பெயர்-மதிப்புப் பட்டியலை, உள்ளே இருப்பதெல்லாம் லாங் என்று காஸ்ட் போட்டு அனுப்பியது நான். கம்பைலர் 'அன்செக்ட்', இதை என்னால் சரிபார்க்க முடியாது என்று எச்சரித்தது. வாயை அடைத்தேன். அதுவும் அந்த ஒரு வரிக்கு இல்லை, கிளாஸ் முழுசுக்கும்.

மறுநாள் ரிலீஸ், தம்பி. டெஸ்ட்டும் பாஸ். டெஸ்ட் டேட்டாவில் எல்லாமே பன்னிரண்டு இலக்க ஐடி. 214 கோடி சொச்சத்துக்குள் அடங்குகிற எண்ணை ஜாக்சன் இன்டிஜராகத் தரும் என்று நான் கண்டேனா? பழைய கஸ்டமர்களின் ஐந்து இலக்க ஐடி வந்ததும் வெடித்தது. சரி, எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடு.

ஆனால் எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேம் பார்க்க உனக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு வாயே திறக்காமல், கடைசி நாள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாயே, அக்காவுக்கு மட்டும் இரண்டு துண்டு. பெருந்தன்மையா அது? சண்டை போட்டிருக்கலாம் நீ. ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது.

இப்போது டைப்ரெஃபரன்ஸ் வைத்து, என்ன வகை வேண்டும் என்று ஜாக்சனிடமே சொல்லிவிட்டேன். ஐந்து இலக்கமும் லாங்காகவே வருகிறது. கிளாஸ் தலையில் இருந்ததை எடுத்ததும் இன்னும் பதினொரு எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. ஜெனரிக் அரே உருவாக்குகிற ஒரு இடத்தில் மட்டும் வேறு வழியில்லை. அந்த ஒரு வேரியபிளுக்கு மட்டும் சப்ரஸ்வார்னிங்ஸ் போட்டு, ஏன் ஆபத்தில்லை என்று கமென்ட்டும் எழுதினேன். மற்ற பத்தையும் சரிசெய்தாயிற்று. அதில் ஒன்று நீ எழுதியது. யாரிடமும் சொல்லவில்லை.

88ஆம் வரியில் தப்பில்லை, தப்பு பார்சரில் என்று கமிட் மெசேஜில் என் பேரோடு எழுதியிருக்கிறேன். உன்னால் பார்க்க முடியாது. ஆக்சஸை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

அக்கா