ஹிகாவா மாருவின் பட்டு அறை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானின் யோகோஹாமாவில் யமாஷிதா பூங்காவை ஒட்டி நிற்கும் ஹிகாவா மாரு என்ற பழைய பயணிகள் கப்பலைப் பார்த்துவிட்டு, சார்லி சாப்ளினைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். 1932 ஜூனில் அவர் அதில் அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் பயணப்பட்டது உண்மைதான்; பிரெஞ்சு வடிவமைப்பாளர் மார்க் சிமோன் ஒப்பனை செய்த முதல் வகுப்புக் கூடங்களும் பார்க்கத் தகுந்தவையே. ஆனால் 11,622 டன் கொண்ட அந்தக் கப்பலை 1930இல் நிப்பான் யூசென் என்ற ஜப்பானியக் கப்பல் நிறுவனம் சேவையில் இறக்கியது சீமான்களை மட்டும் நம்பி அன்று. கச்சாப் பட்டுக்கென்றே ஈரம் அண்டாத தனிச் சரக்கறை ஒன்று அதில் இருந்தது.

1920களில் ஜப்பானின் ஏற்றுமதியில் கச்சாப் பட்டுக்கே முதலிடம். அதில் பெரும்பகுதி அமெரிக்க ஆலைகளுக்குச் சென்று, துணியாகவும் பெண்களின் காலுறையாகவும் மாறியது. விலை மிகுந்த சரக்கு என்பதால் வழியில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டியும் காப்பீட்டுச் செலவும் ஏறும். ஆகவே பசிபிக்கைக் குறுகிய வடக்கு வழியில் கடந்து, சியாட்டிலிலோ வான்கூவரிலோ சிப்பங்களை இறக்கி, பயணிகள் ரயில்களையே ஒதுங்கி நிற்கவைத்து விரைந்த தனிப் பட்டு ரயில்களில் கிழக்கே அனுப்பினார்கள். பயணிகளுக்குக் கிடைக்காத மரியாதை நூலுக்குக் கிடைத்தது! கப்பலின் கெட்டகாலம், 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் பட்டு விலை வீழ்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அது முதல் பயணம் புறப்பட்டது.

நீ ஒரு வரியில் கடந்துவிட்ட மூன்றாம் வகுப்பின் அடுக்குக் கட்டில்களையும் மறுமுறை நின்று பார். 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்பானியர் புதிதாக அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்துவிட்டிருந்ததால், புதுவாழ்வு தேடிப் போகும் கூட்டம் அங்கே இல்லை. முன்பே அங்கு வேரூன்றி, உறவுகளைப் பார்க்க வந்து திரும்பியவர்களும், படிப்புக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுமே அந்தக் கடலை இருபுறமும் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்கு உறுதிசெய்த கெய்ரோ கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், 1938 மே 4 அன்று இந்தக் கப்பலில்தான் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பான் அந்தப் போட்டியையே கைவிட்டது.

பட்டுக்கும் முடிவு நெருங்கியிருந்தது. 1940 மே மாதம் பட்டுக்கு மாற்றாக வந்த செயற்கை இழையான நைலானில் செய்த காலுறைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 1941 ஜூலையில் அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியதும் வணிகம் நின்றது. பின்னர் ஹிகாவா மாரு மருத்துவக் கப்பலாகப் போரில் தப்பியது. அதே வழித்தடத்துக்காகக் கட்டப்பட்ட ஹியே மாருவும் ஹேயான் மாருவும் மூழ்கடிக்கப்பட்டன.

அன்புடன்,
அண்ணன்