முத்துலட்சுமி ரெட்டியின் 1929 சட்டத்தை மறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூலை 30 வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எல்லா ஏடுகளும் எழுதுகின்றன. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தது, மருத்துவரானது, 1930இல் அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என எல்லாம் வந்துவிடும். சட்டசபையில் அவர் செய்த வேலை மட்டும் ‘தேவதாசி முறையை ஒழித்தார்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகிறது.

சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவர் நியமன உறுப்பினராக வந்தவர். சபை அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரி 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரைதான்; அதை வைத்து யார்மேலும் வழக்குப் போட முடியாது. சிறுமிகளை விபச்சாரத்துக்கு விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளின்படி ஏற்கெனவே குற்றம். ஆனால் கோயிலில் நடந்தது வெறும் சடங்கு என்று சொன்னால், உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய சுமை வழக்குத் தொடுப்பவர் தலையில் விழும்.

முடிச்சு நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு இனாம் நிலம், அதாவது மானிய நிலம், விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். அதைக் காப்பாற்ற அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். மகள் இல்லாத வீட்டில் தத்தெடுத்தாவது கட்டினார்கள். ‘வழக்கத்தை நிறுத்தினால் எங்கள் பிழைப்பு என்னாவது?’ என்று தேவதாசிகளே மனுக் கொடுத்ததை வெறும் பிடிவாதமாகப் பார்க்கக் கூடாது.

அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடை 1929ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். 1926ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அது ஒரு திருத்தம். இனாம் நிலத்தின்மேல் ஒரு தீர்வை (நில வரி) விதித்து, ஊழிய நிபந்தனையை நீக்கி, அனுபவித்து வந்தவரிடமே நிலத்தை விட அது வழி செய்தது. அதன்பின் நிலத்துக்காக எந்தச் சிறுமிக்கும் பொட்டுக் கட்ட வேண்டியதில்லை. இதைவிடக் கூர்மையான சமூகச் சட்டத்தை அந்தச் சபை இயற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. ஊழியத்தோடு பெண்கள் கையில் தங்கியிருந்த நிலம், சாதாரணச் சொத்தானதும் விற்கவும் அடகு வைக்கவும் ஆண்கள் பங்கு கேட்கவும் இடமாயிற்று. பொட்டுக்கட்டுவதையும் இந்தச் சட்டம் தடை செய்யவில்லை. அதற்கென 1930 தொடக்கத்தில் அவர் தனி மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார்; மசோதா சட்டமாகாமல் நின்றுபோனது. வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றோர் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். தடைச் சட்டம் வந்தது 1947இல், அந்த ஆண்டின் 31ஆவது சட்டமாக. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என்பதையும் அது உறுதி செய்தது.

அடுத்த ஜூலையில் தங்கள் நாளிதழ் 1929, 1947 ஆகிய இரு சட்டங்களையும் ஒன்றாகக் குழப்பாமல், இரண்டின் வாசகங்களையும் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை