புராஸ்டேட் புற்றுநோய்: மருந்து ஆய்வில் சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புது மருந்து என்று செய்தி வந்தால் போதும், "இது எங்கே கிடைக்கும், எங்கள் அப்பாவைச் சேர்த்துக்கொள்வார்களா" என்று ஆய்வுப் பிரிவுகளைத் தேடிக் குடும்பங்கள் வரத் தொடங்கிவிடும். வருகிறவர்களில் கணிசமானவர்களைச் சேர்க்க முடிவதில்லை. பழைய பயாப்ஸித் துண்டு (சோதனைக்காக எடுத்த திசு) கிடைக்காது, ஊசி போட்ட தேதி தெரியாது, இடையில் ஒரு மருந்தை யாரோ நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இவையெல்லாம் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பயாப்ஸி. எடுத்த திசுவை ஃபார்மலினில் வைத்து, பிறகு மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். லேபில் 'பிளாக்' என்பது இதைத்தான். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்பதை இந்த பிளாக்கிலிருந்துதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். இத்தகைய மாற்றம் உள்ளவர்களுக்கான ஓலாபரிப் மாத்திரைக்காக நடந்து 2020-இல் முடிவு வெளியான 'புரோஃபவுண்ட்' ஆய்வில் 4,000-க்கும் மேற்பட்டவர்களின் திசு சோதனைக்குப் போனது. அவர்களில் சுமார் 69 சதவீதத்தினருக்கு மட்டுமே மரபணு முடிவு கிடைத்தது. மற்றவர்களின் துண்டில் புற்றணுக்கள் போதவில்லை, அல்லது டிஎன்ஏ சிதைந்திருந்தது. உலகின் பெரிய மருத்துவமனைகள் அனுப்பிய திசுவுக்கே இந்த நிலை.

எனவே ரிப்போர்ட் தாளைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது. சாயமிட்ட கண்ணாடி ஸ்லைடும் இந்தச் சோதனைக்கு உதவாது. பிளாக்கையே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். புராஸ்டேட் பயாப்ஸியில் வழக்கமாகப் பன்னிரண்டு துண்டுகள் வரை எடுப்பார்கள். எல்லாவற்றிலும் புற்று இருக்காது. எந்த பிளாக்கில் புற்றணு அதிகம் என்று நோய்க்குறியியல் மருத்துவரிடம் எண்ணோடு குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகு இளகிவிடும் என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. எலும்பிலிருந்து திசு எடுப்பதானால் எடுப்பதற்கு முன்பே பேச வேண்டும். எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ அழிந்துவிடும். ஈடிடிஏ என்னும் மிதமான வேதிக் கரைசலில் மெதுவாகச் செய்தால் தப்பும். அறிக்கை வந்த பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்தது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசி. நோய் மறுபடி தலைதூக்கினால் "ஊசி வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டி, மாதாந்தர அல்லது மூன்று மாத ஊசியைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த கட்ட மருந்துகள் எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் குறைக்கப்பட்டிருக்கும் உடலில்தான் சோதிக்கப்படுகின்றன. இரத்தத்தில் அது 50 நானோகிராமுக்குக் கீழே (டெசிலிட்டருக்கு) இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வுகளின் நுழைவு விதி. ஊசி தவறினால் அளவு ஏறும், ஆய்வின் கதவு மூடும். விரைகளை அறுவையால் அகற்றியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அறுவை செய்த தேதியுள்ள டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும்.

பிஎஸ்ஏ (புராஸ்டேட் அணுக்கள் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவு) முடிவுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்படாத நோயில், பிஎஸ்ஏ தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமும், குறைந்தது 2 நானோகிராமும் (மில்லிலிட்டருக்கு) ஏறி, மூன்று வாரமாவது கழித்து எடுத்த இரண்டாவது சோதனையிலும் அந்த ஏற்றம் உறுதியானால்தான் நோய் முன்னேறியதாக ஆய்வுகள் கணக்கில் கொள்ளும். 4 வரை இறங்கியவருக்கு 5 ஆனதும் பதற வேண்டியதில்லை. 6-ஐத் தொட்ட பிறகே அந்தக் கேள்வி எழும். புது மருந்து தொடங்கிய முதல் 12 வாரத்தில் பிஎஸ்ஏ கொஞ்சம் ஏறிவிட்டுப் பிறகு இறங்குவதும் உண்டு. எலும்பு ஸ்கேனிலும் அப்படித்தான்: ஆறிவரும் எலும்பு புதுப் புள்ளிபோலத் தெரியும். அதனால் முதல் ஸ்கேனில் இரண்டு புதுப் புள்ளிகள் வந்தாலும், அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு வந்தால்தான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நல்ல மருந்தை உதறிவிட்டுப் போகிறவர்களைத் தடுக்கவே இந்த விதி.

ஆய்வில் யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். "வெறும் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ" என்ற பயம் பரவலாக இருக்கிறது. முற்றிய புராஸ்டேட் புற்றில் பெரும்பாலும் இரு பிரிவினருக்குமே வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பிரிவுக்குப் புது மருந்து சேரும். ஆனாலும் புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் தொடர்வோமா என்று கையெழுத்திடும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும். 831 பேர் பங்கேற்று 2021-இல் முடிவு வெளியான 'விஷன்' ஆய்வு இதற்குப் பாடம். புற்றணுக்களைத் தேடிப்போய்க் கதிர்வீச்சால் தாக்கும் லுட்டீசியம் ஊசியை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. தொடக்கத்தில், ஊசி இல்லாத பிரிவில் விழுந்தவர்களில் 56 சதவீதத்தினர் சிகிச்சையே பெறாமல் விலகிவிட்டார்கள். ஆய்வு மையங்களில் விளக்கம் சொல்லும் முறையைத் திருத்திய பிறகுதான் இது 16 சதவீத அளவுக்குக் குறைந்தது. லுட்டீசியம் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 15.3 மாதம், பெறாதவர்களுக்கு 11.3 மாதம் என்ற முடிவு நம்பத்தக்கதாக நின்றதில் அந்தத் திருத்தத்துக்கும் பங்குண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும், உடல்நிலையை விசாரிக்கும் தொலைபேசி அழைப்புக்கு மட்டும் சம்மதிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆய்வில் தரும் மருந்தோடு வேறெதையும் சொல்லாமல் சேர்க்காதீர்கள். நல்ல மருந்துகள் இரண்டு சேர்ந்தும் கேடு செய்யலாம். எலும்புக்கான கதிரியக்க மருந்தான ரேடியம்-223 ஊசியையும், ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராட்டிரோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எலும்பு முறிவுகள் 29 சதவீதம். ஊசி இல்லாத பிரிவில் 11 சதவீதம். கண்காணிப்புக் குழு இதைக் கவனித்து 2017-இலேயே எச்சரித்தது. அபிராட்டிரோனோடு தரும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பயத்தில் நிறுத்துவதும் ஆபத்துதான். பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். அதைத் தடுக்கவே அந்தச் சிறு அளவு ஸ்டீராய்டு. உட்பொருள் தெரியாத லேகியமோ பொடியோ சாப்பிட்டுவந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் கல்லீரல் சோதனையில் கோளாறு தெரிந்தால், காரணம் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நடைமுறையில் உள்ளன. தகவல் தாளும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், ஆய்வின் காரணமாக இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடும் உண்டு. இழப்பீட்டு வாய்பாட்டின் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அது வயதுக்கும் நோயின் தீவிரத்துக்கும் ஏற்ப மாறும். 65 வயதைக் கடந்தவர், இன்னும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வாழக்கூடும் என்ற நிலையில் சேர்ந்தவரானால் 8 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாத நிலையில் சேர்ந்தவரானால் 4 லட்சம். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் குழு) தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம்.

எந்த ஆய்வு எங்கே நடக்கிறது என்பதை சிடிஆர்ஐ எனப்படும் அரசின் பதிவேட்டில் இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். ஆள்சேர்ப்பு நிலை அதில் இரண்டு இடத்தில் இருக்கும்: உலக அளவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று. இந்திய வரியைப் பாருங்கள். வெளிநாட்டில் திறந்திருக்கும் ஆய்வு இங்கே மூடியிருக்கலாம்.

அரசு மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள். அபிராட்டிரோனை வெறும் வயிற்றில் நாளுக்கு 1,000 மில்லிகிராம் எடுப்பது வழக்கம். கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தாலும் பிஎஸ்ஏ அதே அளவு இறங்குகிறது என்று 72 பேர் மட்டுமே கொண்ட ஒரு சிறு ஆய்வு 2018-இல் காட்டியது. உணவோடு சேரும்போது மருந்து உடலில் பல மடங்கு ஏறுகிறது என்பதே காரணம். நான்கில் ஒரு பங்கு மருந்து போதும் என்று நிரூபிக்க எந்த நிறுவனமும் பணம் போடாது. வாழ்நாளைக் கணக்கிடும் பெரிய ஆய்வாக இதை நடத்த வேண்டியது அரசுப் பணத்தில் இயங்கும் மருத்துவமனைகள்தான்.

தங்களிடம் கேட்பது இது: புது மருந்துச் செய்தி வெளியிடும்போது, ஆய்வு எத்தனையாவது கட்டம், எத்தனை பேர், எந்த சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள், இந்தியாவில் நடந்தால் அதன் சிடிஆர்ஐ எண் என்ன என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்,
சென்னை.