ஆர்தர் சி. கிளார்க்குக்கு: உங்கள் பூதங்களின் இன்றைய நிலவரம்

அன்புள்ள கிளார்க் சேர்,

நான் திருகோணமலைக்காரன். விஞ்ஞானக் கதை எழுத்தாளரான உங்களை எங்கள் ஊரில் அறிந்தவர்கள், 1956இல் கோணேசர் மலைக்குக் கீழே சுழியோடி, கடலில் கிடந்த பழைய கோயிலின் தூண்களை உங்கள் நண்பர் மைக் வில்சனோடு படம் எடுத்தவர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு நீங்கள் 1980இல் யோர்க்‌ஷயர் டெலிவிஷன் எடுத்த ‘மர்ம உலகம்’ தொடரின் மனிதர். 13 பகுதிகள். லண்டனில் இருந்த மாமா வீடியோ டெக்கில் பதிந்து அனுப்பிய கசெட்டில், நடுவே வந்த சவர்க்கார விளம்பரங்களோடு சேர்த்தே பார்த்தோம்.

முதலில் அந்தப் பளிங்கு மண்டையோடு வரும். வயிற்றைக் கலக்கும். அப்புறம் இலங்கைக் கடற்கரையில் நீங்கள் வந்து நின்று, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம்போல ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரிப் பூதத்தையும் இமயமலைப் பனிமனிதனையும் பற்றிப் பேசுவீர்கள். மர்மங்களை மூன்றாகப் பிரித்தீர்கள்: முன்பு புதிராக இருந்து இன்று விளங்கியவை, இன்னும் விளங்காதவை, எந்த விளக்கத்துக்கும் பிடிபடாதவை. சாட்சி சொன்ன கிழவர்களைக் கேலி செய்யவும் இல்லை, சொன்னதையெல்லாம் நம்பவும் இல்லை. அந்த நிதானத்துக்குத்தான் இப்போது ஏங்குகிறேன்.

ஏனென்றால் பிறகு வந்தவை வேறு ரகம். 2012இல் அனிமல் பிளானட், கடற்கன்னியின் உடல் கிடைத்துவிட்டது என்று நடிகர்களை விஞ்ஞானிகளாக்கி ஒரு படம் காட்டியது. கடைசியில் அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமே, கடற்கன்னிக்கு ஆதாரம் கிடையாது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று! இரவுக் கேமராவோடு காட்டுக்குள் ஓடி, கிளை முறிந்தால் அலறுகிற தொடர்களைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

சரி, உங்கள் பழைய கோப்புகளில் பல மூடப்பட்டுவிட்டன. நெஸ் ஏரியின் புகழ்பெற்ற 1934 படம், பொம்மை நீர்மூழ்கியில் கழுத்தும் தலையும் ஒட்டிய வேலை என்று 1994இல் வெளியே வந்தது. ஏரித் தண்ணீரின் மரபணுவைச் சோதித்தவர்கள் 2019இல் ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீன் நிறைய என்றார்கள். யெட்டி என்கிற அந்தப் பனிமனிதனின் எலும்பு, மயிர் என்று பாதுகாத்த ஒன்பது மாதிரிகளில் எட்டு கரடி, ஒன்று நாய். பாவம், அமெரிக்கக் காட்டுக் குரங்குமனிதன் பிக்ஃபூட், 1967இல் கலிஃபோர்னியாவின் புளஃப் கிரீக்கில் எடுத்த நடுங்கும் படத்தைத் தாண்டி இன்னும் நகரவில்லை.

ஆனால் ராட்சதக் கணவாய் உங்களைக் கைவிடவில்லை. திருகோணமலைக் கடலடியில் ஒளியால் பேசும் கணவாய்களை வைத்து 60களில் ஒரு சிறுகதை எழுதினீர்களே! கரையொதுங்கிய உடல்களாகவே பெரும்பாலும் தெரிந்திருந்த அந்தப் பிராணியை, 2004இல் ஜப்பானிய விஞ்ஞானி குபோதேராவின் குழு ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகே உயிரோடு படம் எடுத்தது. ஆழ்கடலில் வீடியோவாகப் பிடித்தது 2012இல், நீங்கள் மறைந்து நான்கு வருடம் கழித்து. அப்போது கடல் விஞ்ஞானி ஈடித் விட்டர் வைத்த தூண்டிலைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஆபத்தில் ஜெல்லி மீன் மின்னுவதுபோல மின்னும் விளக்குகள். கணவாய் அந்த வெளிச்சத்தைத் தேடி வந்துவிட்டது, சேர்.

இப்படிக்கு,
கசெட்டை இன்னும் வைத்திருப்பவன்