முறுக்கைக் கடித்தால் ஏறும் சத்தம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டட்டும். பட்டர்வொர்த்தில் உங்களைப் போல இன்னும் நாலு மாமாக்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஆகும்.

போன தீபாவளிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, "முறுக்கைக் கடிச்சா காதுக்குள்ள சில்வண்டுச் சத்தம் ஏறுதுடி" என்றீர்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அதிலும் நான்தான் ரொம்ப. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் என்ற ஆராய்ச்சியாளர் பல வருடமாகத் தோண்டிக்கொண்டிருந்ததே இந்த முறுக்கு விஷயத்தைத்தான். வெளியே சத்தமே இல்லாமல் காதுக்குள் கேட்கிற இதற்குக் காது இரைச்சல் என்று பெயர்.

காது நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைகிற இடத்திலேயே தாடை, முகம், கழுத்துப் பக்கத்துத் தொடு உணர்வும் வந்து சேர்கிறது. நாம் மெல்லுகிற சத்தமே நமக்குத் தொந்தரவாகாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவலாம் என்கிறார்கள். காதிலிருந்து வரும் செய்தி குறைந்துவிட்டால், அங்கே இருக்கும் செல்கள் தாடைப் பக்கத்துச் செய்தியை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒரு சத்தமும் இல்லாதபோதுகூட ஒன்றாகச் சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கின்றன. உங்கள் சில்வண்டு உட்கார்ந்திருப்பது அங்கேதான். பல்லைக் கடித்தால் அது ஏறவோ இறங்கவோ செய்வது நிறையப் பேருக்கு உண்டு, நீங்கள் கதை விடவில்லை.

ஷோர் என்ன செய்தார் என்றால், காதில் ஒரு சத்தம், கன்னத்திலோ கழுத்திலோ லேசான மின் துடிப்பு, இரண்டையும் கணக்காக ஒரு இடைவெளி விட்டுக் கொடுத்தார். முதலில் கினிப் பன்றிகளுக்கு, அப்புறம் மனிதர்களுக்கு. 2023இல் வெளிவந்த சோதனையில் 99 பேர், எல்லாரும் உங்களைப் போலத் தாடையையோ கழுத்தையோ அசைத்தால் சத்தம் மாறுகிறவர்கள். தினமும் அரை மணி நேரம், ஆறு வாரம். வெறும் சத்தத்தை மட்டும் கேட்டவர்களை விட, இரண்டும் சேர்த்துக் கிடைத்தவர்களுக்கு இரைச்சல் குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், குறைந்தது, அவ்வளவுதான். நாளைக்கே ஓடிப்போய் வாங்குகிற சாமானும் இல்லை.

அந்த கிளினிக்கில் பீப் சத்தம் போட்டுக் கை தூக்கச் சொல்லிவிட்டு, "எல்லாம் நார்மல், வயசு அங்கிள்" என்று அனுப்பினார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2009இல் பாஸ்டனில் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு பேர் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் கேட்கும் திறன் பழையபடி வந்துவிட்டது, டெஸ்ட் எடுத்தால் நார்மல். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால், பாதிக்கப்பட்ட பகுதியில் உணர் செல்லையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதியைக் காணோம், அவை திரும்பி வரவும் இல்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பிறை ஊர்த் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் பக்கத்தில் 22 வருடம், அது போதாதென்று தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்ப் பந்தலில் ஆள் உயர ஸ்பீக்கரை உரசிக்கொண்டு மோர் ஊற்றுகிறவருக்கு, "நார்மல்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, ராத்திரியில் ஐஸ்பெட்டியின் சுவிட்சை அணைத்து மீனெல்லாம் கெட்டுப்போய் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, வீடு அமைதியானதும் சத்தம் இன்னும் கூடியிருக்குமே? 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் ஒரு குறையும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு இரைச்சல் கேட்டது. அதனால் அமைதியைத் தேடிப் போகாதீர்கள் மாமா. படுக்கும்போது காற்றாடி ஓடட்டும், இல்லையென்றால் மின்னல் எஃப்எம் ரேடியோவைச் சன்னமாக வையுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து டப் டப் என்று கேட்டாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, தள்ளிப்போடாமல் காது டாக்டரிடம் போய்விட வேண்டும், திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே. பக்கத்து வீட்டு ஆன்ட்டி காய்ச்சித் தருகிற பூண்டு எண்ணெயைக் காதில் விடவே கூடாது.

சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் பல்லைக் கடித்து, வாயை அகலத் திறந்து, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, எதற்குச் சத்தம் ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வேறு டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். முறுக்கு நான் வாங்கி வருகிறேன், ஐஸ்பெட்டி சுவிட்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உங்கள் மருமகள்