பாகல்கோட்டையிலிருந்து நன்றியோடு

அன்பான சகோதர சகோதரிகளுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

எல்லம்மா என்கிற அம்மனுக்கு முத்துக் கட்டி, அதாவது தேவதாசியாக நேர்ந்து விடப்பட்டு, அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்த பெண்களோடு வடகர்நாடகத்தில் நாங்கள் செய்கிற ஊழியத்துக்கு நீங்கள் கைகொடுத்தீர்கள். யாருக்கு எதற்காக நன்றி என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பெயர்கள் இருக்காது. அந்தப் பெண்களின் பெயரை எழுதக் கூடாது. கொடுத்தவர்களிலும் பலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி தென்மாவட்டத்துச் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கங்களுக்கு. கைப்பிடி அரிசி சேர்த்து விற்ற காசும், அசனப் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் விழுந்த காசும் இங்கே தையல் மெஷினாகவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவாகவும் மாறியிருக்கின்றன. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, நீங்கள் யாருமே படம் கேட்கவில்லை. "ஒரு அக்காவை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வையுங்களேன்" என்ற கோரிக்கை காணிக்கைக்கு முன்னாலேயே வந்து நிற்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் தனக்கு நடந்ததை ஊர் கேட்கச் சொன்னால்தான் மெஷின் கிடைக்கும் என்றால், அந்த மெஷினே வேண்டாம்.

"இன்னுமா இதெல்லாம் நடக்கிறது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1947இல் தேவதாசி முறைக்குத் தடைச்சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 1982இல் வந்தது. ஆனாலும் 1993-94இலும் 2007-08இலும் அரசு எடுத்த கணக்கெடுப்புகள் இரண்டிலும் சேர்த்து 46,000க்கு மேற்பட்ட பெண்கள் பதிவானார்கள். பெரும்பாலும் தலித் வீட்டுப் பெண்கள். தலையில் சடை விழுந்தால் அம்மன் கூப்பிடுகிறாள் என்பார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகளுக்கு முத்துக் கட்டிவிட்டால் அவள் கல்யாணமாகிப் போகாமல் பெற்றவர்களுக்குச் சோறு போடுவாள் என்பது இன்னொரு கணக்கு. வறுமைதான், அதற்குச் சாமி பெயர்.

அடுத்து, எங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவருக்கு ஓய்வூதியம் கிடைக்காது. பெயர் இருந்தாலும் ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் போச்சு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் தந்தை பெயர் கேட்டு ஒரு கட்டம். ஒரு பள்ளியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்கள். ஐயா சத்தம் போடவில்லை. பாதுகாவலர் இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினார், பிறப்புச் சான்றிதழ் நகலைப் பின் பண்ணினார், ஒரு வெள்ளைத்தாளையும் மேலே வைத்தார். "சேர்க்க முடியாது என்பதை மட்டும் இதில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்." எழுத்தர் தாளைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார். தந்தை பெயரைச் சொல்லும்படி இந்தப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2025இல் கர்நாடகச் சட்டமன்றம் புதுச் சட்டமே நிறைவேற்றிவிட்டது. அப்புறமும் ஐயாவின் பையில் வெள்ளைத்தாள் இருக்கிறது, நல்லதுதான்.

தையல் சொல்லிக்கொடுத்த பாய்க்கும் நன்றி. பாவாடை தைத்து யாரும் பிழைக்க முடியாது, ஊருக்கு நாலு பேர் ஏற்கெனவே தைக்கிறார்கள் என்று முதல் நாளே சொன்னவர் அவர். லைனிங் வைத்த பிளவுஸ் கட்டிங் கைக்கு வரும்வரை பழைய துணியில் வெட்டவைத்தார். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதையும் பழக்கிவிட்டார். கையில் காசு நிற்பது அந்த வேலையில்தான். எங்கள் பெண்கள் தட்டும் சோள ரொட்டியை விலைக்கு எடுக்கிற லிங்காயத்துக் கடைக்காரரும் இந்த வரிசையில் வருகிறார். ஊழியம் எங்களுடையது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், தூக்கிப் பிடிப்பவர்களில் பலர் சபைக்கு வெளியே இருக்கிறார்கள்.

"எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்ற கேள்வியும் வந்தது. ஜெபத்துக்கு வந்து உட்காருபவர்கள் உண்டு, இன்றும் எல்லம்மா கோயில் இருக்கிற சவதத்தி மலைக்குப் போகிறவர்களும் உண்டு. தையல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை, போடப்போவதும் இல்லை.

எல்லாரையும்விட அதிகக் கடன்பட்டிருப்பது முத்தை அறுத்துப்போட்ட மூத்த அக்காமாருக்கு. முத்துக் கட்டும் காலமான பாரத ஹுண்ணிமே பௌர்ணமி நெருங்கினால் அவர்கள் சும்மா விசாரிக்கிற மாதிரி வீடுவீடாகப் போவார்கள். சின்னப் பெண்ணுக்குப் பச்சைச் சேலை, பச்சை வளையல் வாங்கியிருக்கிறதா என்று கண் தேடும். அம்மாவிடம் பேசுவார்கள், பாட்டியிடம் சண்டை போடுவார்கள், கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன். நாங்கள் போய்ச் சொன்னால் வெளியூர்க்காரர் பேச்சு. அவர்கள் சொன்னால் அந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் கிடையாது.

கணக்கு விவரத்தைச் சபைகளுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறோம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ரசீது எல்லாம் இருக்கிறது. கடந்த முறை சோள ரொட்டி கேட்டவர்களுக்கு: பார்சலில் நொறுங்காமல் வர அட்டைப்பெட்டி கிடைத்துவிட்டது, இனி ஆர்டர் அனுப்பலாம்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரி