லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

புத்தாண்டில் வேதாகமத்தை (பைபிளை) முதலிலிருந்து தொடங்குபவர்கள் பலர், அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலிமுறைகள் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். பக்திக் குறைவு அல்ல, வரிசைதான் சிக்கல். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறுகளில் 5 என்றால் ஓராண்டில் முடியும். இயேசுவைப் பற்றிய பிற்பகுதியான புதிய ஏற்பாடு முடியும்வரை தினமும் ஒன்று அதிலிருந்து இருந்தால் சலிப்புத் தட்டாது. சங்கீதம் என்னும் துதிப்பாடல் புத்தகத்தின் 119-ஆம் சங்கீதத்தை மட்டும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அதன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒன்று போதும். தவறிய நாளின் பாக்கியைச் சேர்க்கவும் வேண்டாம், டிசம்பர் தாண்டினால்தான் என்ன?

வாசித்ததும் நோட்டில் கடவுளுக்கு ஒரு வரி ஸ்தோத்திரம் (நன்றி) எழுதலாம். ‘சகல ஆசீர்வாதங்களுக்கும்’ என்று எழுதினால் ஒரே வாரத்தில் வெறும் பழக்கமாகிவிடும். ‘பேரனுக்குக் காய்ச்சல் விட்டது’, ‘குழாயில் தண்ணீர் வந்தது’ என்றே எழுதுங்கள்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை